முன்னேற்றப் பட்டை எண்ணுவது வேலையை, நாம் படிப்பது நேரத்தை

20,000 சின்னச் சின்ன ஃபைல்களும் ஒரே ஒரு பெரிய வீடியோவும் உள்ள ஒரு ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்வதாக வைத்துக்கொள்வோம். வீடியோ 4,000 எம்.பி. சின்ன ஃபைல் ஒவ்வொன்றும் 5 கே.பி.; எல்லாம் சேர்ந்து 100 எம்.பி. டிஸ்க் ஒரே ஓட்டமாக எழுதினால் வினாடிக்கு 150 எம்.பி. வரும். ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தனியாகச் சுமார் 10 மில்லிவினாடி செலவாகிறது. பெயரைப் பதிய வேண்டும், ஃபைல் அமைப்பின் அட்டவணையைத் திருத்த வேண்டும், எழுதும் முனை வேறு இடத்துக்கு நகர வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்கில் ஒரு முழுச் சுற்றுக்கே 8.3 மில்லிவினாடி ஆகும் என்பதால் இந்த 10 மிகையான எண் இல்லை. ஆக, வீடியோவுக்கு 27 வினாடி, மீதிக்கு 200 வினாடி, மொத்தம் 227.

இந்த வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் முன்னேற்றப் பட்டை ஒன்று போட வேண்டும். பைட்டை எண்ணுவோம். வீடியோ முதலில் போனால் 27 வினாடியில் பட்டை 97 சதவீதத்தைத் தாண்டிவிடும். மீதி இரண்டரை சதவீதத்துக்கு 200 வினாடி. பார்ப்பவர் "தொங்கிவிட்டது" என்று நினைத்து ரத்து செய்வார். சரி, ஃபைல்களை எண்ணுவோம். வீடியோ கடைசியில் வந்தால் பட்டை 200 வினாடி சீராக ஏறி, 99.99 சதவீதத்தைத் தொட்டு, அங்கேயே 27 வினாடி அசையாமல் நிற்கும். இரண்டு பட்டையிலும் பிழை எதுவும் இல்லை. எண்ணியதைச் சரியாகத்தான் எண்ணின. ஆனால் திரையில் ஒரு நீளத்தைப் பார்க்கும் மனிதர் அதை நேரமாகத்தான் படிக்கிறார். பாதி நிறைந்திருந்தால் "இவ்வளவு நேரம் இன்னொரு தடவை" என்பதுதான் அவருக்குப் புரியும் பொருள். எண்ணிய அலகுக்கும் படித்த அலகுக்கும் நடுவே ஒரு மாற்று விகிதம் தேவைப்படுகிறது. பெரும்பாலான நிரல்கள் அந்த விகிதம் எப்போதும் மாறாது என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகின்றன. தவறான பட்டைகளில் பெரும்பாதி இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது.

மேலே சொன்ன ஃபோல்டருக்கு மருந்து எளிது. ஒரு ஃபைலின் தனிச்செலவான 10 மில்லிவினாடியில் இந்த டிஸ்க் 1.5 எம்.பி. எழுதியிருக்கும். எனவே ஒவ்வொரு ஃபைலின் அளவோடும் 1.5 எம்.பி.யைக் கூட்டி எண்ணுங்கள். மொத்தம் 4,100 எம்.பி. என்றிருந்தது சுமார் 34,100 ஆகும். வீடியோ முடியும்போது பட்டை 12 சதவீதத்தில் நிற்கும். 227 வினாடியில் 27 வினாடியும் ஏறக்குறைய அதே 12 சதவீதம்தான். ஒரே ஒரு கூட்டல், பட்டை நேர்கோடாகிவிடுகிறது. அந்த 1.5 எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் அது மிகவும் சிறியது. நெட்வொர்க் வழியே காப்பி செய்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் சில முறை போய்வர வேண்டியிருப்பதால், பெரியது. காப்பி தொடங்கியபின் முதல் சில நூறு ஃபைல்களின் நேரத்தையும் அளவையும் குறித்து வைத்து, அவற்றிலிருந்து தனிச்செலவையும் வேகத்தையும் பிரித்தெடுப்பது நல்ல வழி. இரண்டு அறியாத எண்கள், நூற்றுக்கணக்கான அளவீடுகள். அளவீடுகளோடு மிகக் குறைந்த பிழையில் பொருந்தும் எண்களைக் கண்டுபிடிக்கும் சாதாரண மீச்சிறு வர்க்கக் கணக்கு போதும்.

நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பயன்படுத்துபவர்கள் இதே குறையை வேறு உருவில் பார்த்திருப்பார்கள். ரெபாசிட்டரியை, அதாவது ஒரு திட்டத்தின் முழுச் சேமிப்பை, இறக்கும்போது அது காட்டும் சதவீதம் ஆப்ஜெக்ட்களின், அதாவது அதில் உள்ள உருப்படிகளின், எண்ணிக்கையில். வழியில் ஒரு பெரிய பைனரி ஃபைல் வந்தால் சதவீதம் நகராது. ஆனால் பக்கத்திலேயே எத்தனை எம்.பி. வந்தது, என்ன வேகம் என்பதையும் கிட் காட்டுகிறது. அந்த எண் ஏறிக்கொண்டிருந்தால் கவலை இல்லை. இப்படி இரண்டாவது அலகு ஒன்றைக் கூடவே காட்டுவது மிகவும் மலிவான, மிகவும் பயனுள்ள பழக்கம்.

மொத்தம் எவ்வளவு என்று தெரியாதபோது

சதவீதம் என்றால் வகுத்தல். கீழே உள்ள எண் தெரியாவிட்டால் சதவீதமே கிடையாது. ஆனாலும் பட்டை போட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தில் எதையாவது வகுத்துவிடுகிறார்கள்.

டவுன்லோடில் கீழ் எண் சர்வரிலிருந்து வருகிறது. பதிலின் தலைப்பில் 'கன்டென்ட்-லெங்த்' இருந்தால் மொத்த அளவு தெரியும். பக்கத்தை அந்தக் கணமே தயாரித்துத் துண்டு துண்டாக அனுப்பும் சர்வருக்கு முடிவு எங்கே என்று தனக்கே தெரியாது, எனவே அந்தத் தலைப்பு வராது. இதைவிடச் சிக்கலானது ஜிஜிப் சுருக்கம். தலைப்பு சொல்வது சுருக்கிய அளவு. பிரவுசர் ஜாவாஸ்கிரிப்டிடம் துண்டு துண்டாகக் கொடுப்பது விரித்த பைட்கள். 10 எம்.பி. டெக்ஸ்ட் சுருங்கி 2 எம்.பி. ஆகியிருந்தால் இந்த இரண்டையும் வகுக்கும் பட்டை 500 சதவீதம் வரை போகும். அதைக் கண்ட நிரலாளர் "100க்கு மேல் போனால் 100 என்று காட்டு" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். விளைவு, வேலையில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்ததுமே பட்டை நிறைந்து, மீதி நேரமெல்லாம் நிறைந்தபடியே நிற்கும். விரித்தபின் அளவு எவ்வளவு என்பதைச் சர்வர் தனித் தலைப்பில் அனுப்புவதுதான் இதற்குச் சரியான திருத்தம்.

ஒரு வலைப்பக்கம் முழுதும் ஏறுவதற்கான பட்டை இன்னும் கடினம். பக்கத்தைப் படித்தால்தான் அதில் எத்தனை படங்கள், எத்தனை ஸ்கிரிப்ட்கள் என்று தெரியும். ஸ்கிரிப்ட் ஓடினால்தான் அது இன்னும் எவற்றைக் கேட்கும் என்று தெரியும். சஃபாரி பிரவுசரின் அடியில் இருக்கும் வெப்கிட் என்ற இயந்திரம் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பது அதன் திறந்த நிரலிலேயே இருக்கிறது. எதுவும் வருமுன்பே பட்டையை 10 சதவீதத்தில் தொடங்குகிறது. இறுதியிலும் கொஞ்சம் இடத்தை விட்டுவைக்கிறது. அளவு தெரியாத ஒவ்வொரு ஃபைலையும் 16 கே.பி. என்று ஊகிக்கிறது; வந்தது அதைத் தாண்டினால், இதுவரை வந்ததைப் போல் இரு மடங்கு என்று ஊகத்தை மாற்றிக்கொள்கிறது. ஊகம்தான், ஆனால் பொறுப்பான ஊகம். உண்மையான பைட்கள் வந்தால் மட்டுமே அந்தப் பட்டை நகர்கிறது.

ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் நிரலில் இது வெளிப்படையாகவே தெரியும். 3.0 பதிப்பிலிருந்து அது முழுப் பட்டியலையும் முதலில் எடுப்பதில்லை. காப்பி செய்துகொண்டே அடுத்த ஃபோல்டர்களை ஆராய்கிறது. எனவே மொத்த முன்னேற்றத்தைக் காட்டச் சொன்னால் சதவீதம் சில நேரம் பின்னோக்கி இறங்கும், ஏனென்றால் மொத்தமே வளர்ந்துவிட்டது. வரியின் கடைசியில் 'ஐஆர்-சிஎச்கே' என்று இருந்தால் பட்டியல் இன்னும் முடியவில்லை, சதவீதத்தை நம்ப வேண்டாம். அது 'டிஓ-சிஎச்கே' என்று மாறியபின் நம்பலாம். தொடக்கத்திலிருந்தே சரியான சதவீதம் வேண்டுமானால் 'நோ-இன்க்-ரிகர்சிவ்' விருப்பத்தைக் கொடுங்கள். முழுப் பட்டியலையும் எடுத்த பிறகே காப்பி தொடங்கும். லட்சக்கணக்கான ஃபைல்கள் இருந்தால் கூடுதல் நினைவகமும் தொடக்கத்தில் காத்திருப்பும் அதற்கான விலை. எல்லாக் காப்பி நிரல்களும் சந்திக்கும் பேரம் இது. முன்கூட்டியே எண்ணினால் வேலை கொஞ்சம் தாமதமாகும், எண்ணாவிட்டால் பட்டை ஊகமாகும்.

சில வேலைகளுக்கு மொத்தம் என்பது கொள்கையளவிலேயே கிடையாது. புதிர் தீர்ப்பது, உகந்த விடை தேடுவது போன்ற தேடல்களில் விடை அடுத்த கணமும் கிடைக்கலாம், நாளைக்கும் கிடைக்கலாம். எந்த நிரல் எப்போது நிற்கும் என்று பொதுவாகச் சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936இல் நிறுவிய முடிவின் நிழல் இங்கே விழுகிறது. அத்தகைய வேலைக்குச் சதவீதம் காட்டாமல், இதுவரை எத்தனை நிலைகளைப் பார்த்தது, கிடைத்ததில் சிறந்த விடை எது என்று காட்டுவதே முறை.

"முடிந்தது" என்று யார் சொன்னது?

பென் டிரைவில் 2 ஜி.பி. படத்தைக் காப்பி செய்கிறோம். பட்டை சில வினாடியில் 100ஐத் தொடுகிறது. பிறகு "பாதுகாப்பாக அகற்று" என்றால் மூன்று நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. லினக்ஸில் இது அன்றாடக் காட்சி. காரணம் இயங்குதளத்தின் எழுத்துக் கேஷ். காப்பி நிரல் "எழுது" என்று கேட்டதும் இயங்குதளம் அந்தத் தரவை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாயிற்று" என்று பதில் சொல்லிவிடுகிறது. எழுதாத தரவு, பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கினால்தான் கேட்கும் நிரலை நிறுத்தி வைக்கும். லினக்ஸ் கெர்னலின் இயல்பு அமைப்பு இதுதான். 16 ஜி.பி. நினைவகமுள்ள கணினியில் 2 ஜி.பி. ஃபைல் முழுதாகவே கேஷுக்குள் அடங்கிவிடும். பென் டிரைவ் வினாடிக்கு 10 எம்.பி. எழுதுமானால் உண்மையான வேலைக்கு 200 வினாடி வேண்டும். பட்டை அளந்தது நினைவகத்துக்குப் போன வேகத்தை.

நிரல் எழுதுபவர் செய்ய வேண்டியது, 16 அல்லது 32 எம்.பி.க்கு ஒருமுறை, கேஷில் உள்ளதைச் சாதனத்தில் எழுதி முடிக்கச் சொல்லும் 'எஃப்சிங்க்' அழைத்து, அது திரும்பியபிறகே பட்டையை நகர்த்துவது. ஒவ்வொரு 4 கே.பி.க்கும் அழைத்தால் வேகம் படுத்துவிடும். கடைசியில் ஒரே ஒருமுறை அழைத்தால் பழைய கதைதான், 100இல் நிற்கும். லினக்ஸின் 'டிடி' கட்டளையால் ஒரு டிஸ்கின் முழு நகலான இமேஜ் ஃபைலை எழுதுபவர்கள் கேஷைத் தாண்டி நேரடியாக எழுதும் 'டைரக்ட்' விருப்பத்தை, 4 எம்.பி. போன்ற பெரிய பிளாக் அளவோடு சேர்த்துக் கொடுத்தால், அது காட்டும் முன்னேற்றம் உண்மைக்கு அருகில் இருக்கும்.

வேகமா, உண்மையான பட்டையா என்ற இந்தப் பேரத்தின் இரு பக்கத்தையும் விண்டோஸ் விஸ்டா பார்த்திருக்கிறது. முதலில் வந்த விஸ்டாவில் காப்பி நிரல் கேஷைத் தவிர்த்து எழுதியது. பட்டை உண்மையைச் சொன்னது, ஆனால் பழைய எக்ஸ்.பி.யைவிட மெதுவானது என்று பயனர்கள் குறைப்பட்டார்கள். 2008இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் மீண்டும் கேஷ் வழியே எழுதும்படி மாற்றினார்கள். விண்டோஸின் உள்ளமைப்பு வல்லுநர் மார்க் ரஸினோவிச் அப்போது இதை விரிவாக விளக்கி எழுதினார். உரையாடல் பெட்டி சீக்கிரம் மறைந்தால் வேலை சீக்கிரம் முடிந்ததாகவே மனிதர்கள் உணர்கிறார்கள், டிஸ்க் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாலும்.

அப்லோடிலும் இதே கதை, அடுக்குகள் மட்டும் அதிகம். பிரவுசர் காட்டும் எண், பைட்கள் இந்தக் கணினியை விட்டுக் கிளம்பும் வழியில் கைமாறியதைக் காட்டுகிறது. மறுமுனையில் என்ஜின்எக்ஸ் போன்ற இடைச்சர்வர் இருந்தால், இயல்பு அமைப்பில் அது முழுக் கோரிக்கையையும் தன்னிடம் வாங்கி முடித்த பிறகே பின்னால் உள்ள நிரலுக்குத் தள்ளும். அதன்பின் வைரஸ் சோதனை, படத்தைச் சிறிதாக்குதல், சேமிப்பகத்துக்கு மாற்றுதல். அப்லோட் 100 சதவீதத்தில் நின்று சுற்றிக்கொண்டிருப்பது இவற்றுக்காகத்தான். இரண்டையும் ஒரே பட்டையில் அடைக்காமல் "அனுப்பியாயிற்று, சர்வர் சரிபார்க்கிறது" என்று வாசகத்தை மாற்றினாலே பாதிக் குழப்பம் தீரும்.

மீதி நேரம் என்ற கணக்கு

சதவீதம் சரியாக இருந்தாலும் "இன்னும் 30 வினாடி" என்பது பொய்த்துப்போகலாம், ஏனென்றால் அது நடந்ததை வைத்து நடக்கப்போவதைச் சொல்வது. வேகம் மாறும், அது மாறுவதற்கான காரணங்கள் சாதனத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஹார்ட் டிஸ்கின் வெளி வட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு அடங்கும். உள் வட்டத்துக்கு வரும்போது வேகம் பாதியளவுக்குக்கூட இறங்கும். இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் டி.சி.பி. இணைப்பு மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே போகும், எனவே முதல் ஓரிரு வினாடியின் வேகம் எதற்கும் சான்றாகாது. சூடேறினால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மிகக் கூர்மையான வீழ்ச்சி எஸ்.எஸ்.டி.யில். ஒரு செல்லில் மூன்று அல்லது நான்கு பிட் வைக்கும் டிரைவ்கள், ஒரு பகுதியை மட்டும் செல்லுக்கு ஒரு பிட் என்ற முறையில் வேகமான கேஷாகப் பயன்படுத்துகின்றன. அது நிறைந்ததும் வேகம் சரிகிறது. உதாரணமாக 100 ஜி.பி. காப்பி, முதல் 40 ஜி.பி. வினாடிக்கு 2,000 எம்.பி., அதன்பின் வினாடிக்கு 400 எம்.பி. என்று வைப்போம். 20ஆவது வினாடியில் பட்டை 40 சதவீதம். இதுவரையான சராசரியை வைத்துக் கணக்கிட்டால் மீதி 30 வினாடி. உண்மையில் வேண்டியது 150. பத்து வினாடி கழித்துப் பார்த்தால் 44 ஜி.பி. முடிந்திருக்கும், சராசரி வேகம் இன்னும் 1,467 என்று காட்டும், மீதி 38 வினாடி என்று சொல்லும். உண்மை 140. தொடக்கத்திலிருந்து சராசரி எடுக்கும் கணக்கு பழைய நல்ல நாட்களை மறப்பதே இல்லை.

கடைசி வினாடியின் வேகத்தை மட்டும் எடுத்தால் எதிர்ப்பக்கத் தொல்லை. வைஃபை ஒரு கணம் தடுமாறினால் 2 நிமிடம் 40 நிமிடமாகி, மறுகணம் 2க்குத் திரும்பும். நடுவழி, புதிய அளவீட்டுக்கு ஒரு எடையும் பழைய சராசரிக்கு மீதி எடையும் தருவது. புதியதற்கு 0.3 எடை கொடுத்து வினாடிக்கு ஒருமுறை கணக்கிட்டால், மேற்சொன்ன எஸ்.எஸ்.டி. விழுந்த பத்தாவது வினாடியில் மதிப்பீடு 126 வினாடிக்கு வந்துவிடும். 0.1 கொடுத்தால் இன்னும் 58இல்தான் இருக்கும். பைதான்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் டி.கியூ.டி.எம். நூலகத்தின் இயல்பு எடை 0.3. (அந்தப் பெயர் முன்னேற்றம் என்று பொருள்படும் 'தகத்தும்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது.)

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு, அளவீடு வரும்போதெல்லாம் அதே எடையைப் போடுவது. அளவீடுகள் ஒரே இடைவெளியில் வராது. வேகமாக ஓடும்போது வினாடிக்கு ஐம்பது வரும், தடுமாறும்போது ஒன்றுதான் வரும். அதாவது மெதுவான காலம் கணக்கில் ஏறவே ஏறாது. எடையை நேர இடைவெளிக்கு ஏற்ப மாற்றுங்கள். எத்தனை வினாடியில் பழைய தகவலின் செல்வாக்கு பாதியாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சில நிமிட வேலைக்கு 5 முதல் 10 வினாடி சரியாக இருக்கும். பழையதன் எடை, 2ஐ (இடைவெளி ÷ அந்தப் பாதிக் காலம்) என்ற அடுக்குக்கு உயர்த்தி 1ஐ அதனால் வகுத்தது. அவ்வளவுதான் சூத்திரம். இன்னொன்று, எதுவும் வராத நேரத்திலும் வினாடிக்கு ஒருமுறை "பூஜ்யம் பைட்" என்று அளவீடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நெட்வொர்க் அறுந்த பிறகும் திரையில் "மீதி 12 வினாடி" அப்படியே நிற்கும்.

முதல் சில வினாடிகளுக்கு மீதி நேரத்தையே காட்ட வேண்டாம். காட்டும்போது முழுமையாக்கிக் காட்டுங்கள். "3 நிமிடம் 17 வினாடி" என்பது இல்லாத துல்லியத்தைப் பறைசாற்றுகிறது. "சுமார் 3 நிமிடம்" போதும். 2012இல் வந்த விண்டோஸ் 8, காப்பி பெட்டியில் வேகத்தை வரைபடமாகவே காட்டத் தொடங்கியது. அது எனக்குப் பிடித்த தீர்வு. வேகம் எங்கே விழுந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டால், மதிப்பீடு ஏன் மாறியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

99இல் நிற்பதன் உள்விவரம்

மென்பொருள் நிறுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குதல், விரித்தல், காப்பி, பதிவு செய்தல், பழையதை நீக்குதல் என்று ஐந்து கட்டம். ஆளுக்கு 20 சதவீதம் என்று பிரித்துவிட்டால், இறக்குவது பத்து நிமிடமும் பதிவு செய்வது இரண்டு வினாடியும் எடுக்கும் இடத்தில் பட்டை ஊர்ந்து, பாய்ந்து, மறுபடி ஊரும். முந்தைய ஓட்டங்களில் ஒவ்வொரு கட்டமும் எடுத்த நேரத்தைப் பதிந்து, அந்த விகிதத்தில் பிரித்தால் பெரிதும் சீராகும். ஆனால் உங்கள் கணினியில் எடுத்த விகிதம், மெதுவான இணைப்பும் வேகமான டிஸ்கும் உள்ள கணினியில் தலைகீழாகிவிடும். எனவே நெட்வொர்க் கட்டத்தைத் தனிப் பட்டையாக வைப்பது நல்லது. விண்டோஸ் இன்ஸ்டாலரில் பட்டை நிறைந்து மறுபடி முதலிலிருந்து வருவதற்குக் காரணம், அது முதலில் செய்ய வேண்டியவற்றை ஒரு பட்டியலாகத் தயாரித்து, பின்னர் அந்தப் பட்டியலை இயக்குகிறது. இரண்டுக்கும் ஒரே பட்டை. நிறுவியில் சேர்க்கப்படும் சொந்த நடவடிக்கைகள் தாமாகவே முன்னேற்றச் செய்தி அனுப்பினால்தான் உண்டு. அனுப்பாவிட்டால் அவை ஓடும் நேரம் முழுதும் பட்டை உறைந்திருக்கும்.

கடைசி ஒரு சதவீதத்துக்கு வரும் வேலைகளைப் பாருங்கள். ஃபைல் பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்கச் சரிபார்ப்புத் தொகை கணக்கிடுவது 4 ஜி.பி. ஃபைலை முழுதாக மறுபடி படிப்பது. தற்காலிக ஃபைல்களை அழிப்பதில் ஆயிரக்கணக்கான தனிச்செலவு. டேட்டாபேஸ் இன்டெக்ஸ் கட்டுவதும் இங்கேதான். எதுவும் திட்டத்தில் எண்ணப்படவில்லை, "முடிக்கும் வேலை" என்று ஓரத்தில் வைத்துவிட்டார்கள். வெற்றி உறுதியாகும்வரை 100 காட்டக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பட்டையை 99இல் பிடித்து வைத்துவிட்டால், எண்ணாத அத்தனையும் அந்த 99இல் வந்து குவிகிறது.

இணையாக ஓடும் வேலைகளில் வேறொரு வால் உண்டு. 800 பணிகள், அவற்றை ஒரே நேரத்தில் இயக்கும் 8 இழைகள். 799 பணிகளுக்குத் தலா 1 வினாடி, ஒன்றுக்கு மட்டும் 60. அந்த நீண்ட பணி வரிசையில் கடைசியாக இருந்தால், 100 வினாடியில் பட்டை 99.9ஐத் தொட்டு, ஏழு இழைகள் சும்மா இருக்க, இன்னும் 59 வினாடி நிற்கும். அதையே முதலில் தொடங்கினால் எல்லாம் சேர்ந்து 108 வினாடியில் முடிந்துவிடும். பெரியதை முதலில் போடும் இந்த ஒரு மாற்றத்தில் பட்டையும் நேராகிறது, வேலையும் 159லிருந்து 108க்கு வருகிறது. பட்டை கோணலாக இருப்பது சில நேரம் வேலையின் அமைப்பே கோணலாக இருப்பதற்கான அறிகுறி என்பதற்கு இது நல்ல சான்று.

வேலை சரியாக நடந்தும் பட்டை மட்டும் உறைவதும் உண்டு. திரையை வரையும் அதே இழையில் காப்பியையும் ஓட்டினால், வரைய யாரும் இல்லை. விண்டோஸ் "பதிலளிக்கவில்லை" என்று தலைப்பில் எழுதிவிடும். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் இயல்புப் பட்டை புதிய மதிப்புக்கு மெதுவாக வழுக்கிப் போகும். எனவே வேகமான வேலையில் பட்டை பாதியில் இருக்கும்போதே பெட்டி மூடிவிடும். மதிப்பைக் குறைக்கும்போது மட்டும் அது உடனே தாவும் என்பதால், வேண்டியதைவிட ஒன்று கூட்டி வைத்து உடனே ஒன்று குறைப்பது நிரலாளர்கள் கையாளும் வழி. பட்டை வேலையையே மெதுவாக்குவதும் உண்டு. 2016 தொடக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை நிறுவும் என்.பி.எம். நிரலின் மூன்றாம் பதிப்பில் முன்னேற்றப் பட்டையை அணைத்தால் நிறுவல் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகமாகிறது என்று பயனர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு அது சரிசெய்யப்பட்டது. வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் வரைவதில் பார்ப்பவருக்கு எந்த லாபமும் இல்லை. எண்ணியைக் கூட்டுவது ஓர் இடத்தில், அதைப் படித்து வரைவது கடிகாரப்படி வேறொரு இடத்தில் என்று பிரித்து வையுங்கள்.

கற்பனைப் பட்டைகள்

எதையும் அளக்காமல் நகரும் பட்டைகளும் உள்ளன. வலைத்தளங்களில் பக்கத்தின் மேலே மெல்லிய கோடாக ஓடும் என்ப்ராக்ரஸ் நூலகம் எல்லாருக்கும் பழக்கமானது. நேரம் போகப்போகச் சிறிது சிறிதாக ஏறி, 99.4 சதவீதத்தைத் தாண்டாமல் காத்திருந்து, பதில் வந்ததும் நிறைகிறது. ஓரிரு வினாடி வேலைக்கு இதில் தீங்கில்லை. அரை நிமிடம் ஓடும் வேலைக்கு இதைப் போடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. நீண்ட வேலையில் பயனர் அறிய விரும்புவது ஒன்றே: இது உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா. சர்வர் விழுந்த பிறகும் ஏறிக்கொண்டிருக்கும் கோடு அந்த ஒரே தகவலைத்தான் அழிக்கிறது.

மனித உணர்வும் கணக்கில் வர வேண்டியதுதான். சதவீதம் காட்டும் பட்டைகளை மக்கள் விரும்புகிறார்கள் என்று ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985இலேயே சோதனை செய்து எழுதினார். 2007இல் ஆய்வாளர் கிறிஸ் ஹாரிசனும் சகாக்களும் பலவித வேகங்களில் ஓடும் பட்டைகளை ஒப்பிட்டபோது, ஒரே கால அளவில் ஓடினாலும், முடிவில் வேகமெடுப்பது சீக்கிரம் முடிந்ததாகவும், முடிவில் தயங்குவது நீண்டதாகவும் தோன்றியது. கடைசியில் நிற்கும் பட்டை மற்றவற்றைவிட ஏன் அதிகம் எரிச்சலூட்டுகிறது என்பதற்கு இதுவே விளக்கம். நடைமுறையில் இதன் பயன், ஐயமுள்ள கட்டங்களுக்குத் தாராளமாகப் பங்கு ஒதுக்குவது. கணித்ததைவிடச் சீக்கிரம் முடிந்தால் பட்டை தாவும், யாரும் வருந்தமாட்டார்கள்.

அளவு தெரியாவிட்டால் தெரியாது என்று காட்டுவதற்கும் வழி இருக்கிறது. எச்.டி.எம்.எல். 'ப்ராக்ரஸ்' உறுப்புக்கு 'வேல்யூ' கொடுக்காமல் விட்டால் பிரவுசர் தானாகவே முடிவற்ற அசைவைக் காட்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பில், பயனற்ற பழைய வரிகளைத் துப்புரவாக்கும் வேக்யூமுக்கும், 12ஆம் பதிப்பில் இன்டெக்ஸ் கட்டுவதற்கும் முன்னேற்ற அட்டவணைகளைக் கொண்டுவந்தது. அவற்றில் ஒட்டுமொத்தச் சதவீதம் என்று ஒரு பத்தியே கிடையாது. எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதில் மொத்தம் எத்தனை பிளாக், எத்தனை முடிந்தது என்று மட்டும் சொல்கிறது. நான் பார்த்தவற்றில் மிக நேர்மையான வடிவம் அது.

பட்டையை எழுதாமல் அதன் முன் காத்திருப்பவராக இருந்தால், நின்றுபோன பட்டையை ரத்து செய்யும் முன் அதைத் தாண்டிப் பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்த நிரலின் டிஸ்க், நெட்வொர்க், செயலி ஆகிய மூன்று பத்திகளைக் கவனியுங்கள். ஏதாவது ஒன்றில் எண் ஓடினால் வேலை நடக்கிறது. மூன்றும் பல நிமிடம் பூஜ்யத்தில் இருந்தால், ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. பல நேரம் அது மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஓர் உறுதிப்படுத்தும் பெட்டி. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் 'டிடி'க்கு 'யூஎஸ்ஆர்1' சிக்னல் அனுப்பினால் இதுவரை எழுதியதைச் சொல்லிவிட்டுத் தொடரும். பென் டிரைவுக்கு, 'ப்ராக்' அடைவில் உள்ள 'மெம்இன்ஃபோ'வை வினாடிக்கு ஒருமுறை காட்டச் சொல்லி, 'டர்ட்டி', 'ரைட்பேக்' என்ற இரு வரிகளைப் பாருங்கள். காப்பி பெட்டி மறைந்த பிறகும் அவை சில நூறு எம்.பி.யிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் சில கே.பி.க்கு வந்ததும் 'அகற்று' பொத்தானை அழுத்துங்கள். காத்திருக்கச் சொல்லாமல் உடனே விட்டுவிடும்.